தோள் உயரக் கல்

கம்பியை ராக்கில் இறக்கி வைக்கும்போது ஒரு சத்தம் வரும். இரும்பின் மேல் இரும்பு உட்காருகிற சத்தம். சேலையூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் ஜிம். காலை ஆறு மணிக்கு முன்னால், வேளச்சேரி மெயின் ரோட்டில் பஸ் இரைச்சல் கூடுவதற்கு முன்னால், அந்தச் சத்தம் தனியாகக் கேட்கும். ஏழு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் மதுராந்தகத்துப் பக்கம் ஆயா ஊருக்குப் போகும் வண்டிப்பாதையில் நின்ற சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். அவ்வளவுதான். பெரியவர்களுக்குத் தோள் உயரம். பள்ளிக்கூட லீவில் போயிருக்கும்போது ஆயாவோடு விறகு பொறுக்கப் போவேன். திரும்பி வருகையில் அந்தக் கல்லுக்கு அருகே வந்ததும் ஆயா லேசாக முட்டியை மடித்து, தலையிலிருந்த கட்டை அப்படியே கல்லின் மேல் சரித்துவிடுவாள். சும்மாட்டுத் துணியை உதறி முகம் துடைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து முட்டியை நிமிர்த்துவாள். கட்டு தலைக்கு வந்துவிடும்.

"எறக்கவும் ஆள் வேணாம், ஏத்தவும் ஆள் வேணாம். அதுக்குத்தான் கண்ணு இந்தக் கல்லு" என்பாள்.

யார் வைத்தது என்று கேட்டேன். புள்ளத்தாச்சியாகச் செத்துப்போன ஒருத்திக்காக வைத்தது என்றாள். "அவ சொமய எறக்காமயே பூட்டா. நாலு பேரு வந்து சொம எறக்குனாத்தான் அவளுக்கு ஆறும்." தமிழ்நாட்டில் பல ஊர்களில் சுமைதாங்கிக் கற்களுக்கு இதுதான் கதை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்தக் கல்லைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

இன்னொரு நாள், இந்தக் கட்டு எத்தனை கிலோ இருக்கும் என்று ஆயாவிடம் கேட்டேன். "எட போட அது இன்னா புளியா?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஜிம்மில் இருக்கிற ராக்கும் அந்தக் கல்லும் ஒரே சாதிதான். இரண்டு இரும்புத் தூண், வரிசையாக ஓட்டைகள், கம்பி உட்காரக் கொக்கி. என் தோளுக்குப் பதினோராவது ஓட்டை சரியாக இருக்கும். கம்பிக்கு அடியில் போய் நின்று முட்டியை நிமிர்த்தினால் எடை தோளுக்கு வரும். வேலை முடிந்ததும் இரண்டு எட்டு முன்னால் வைத்து முட்டியை மடித்தால் கொக்கியில் உட்கார்ந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம். முதல்முறை அதைச் செய்த அன்று, ஆயாவின் முட்டிகள் மடிந்து நிமிர்ந்த அந்த அசைவை என் உடம்பு அப்படியே செய்கிறது என்று உணர்ந்தேன். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே எடை எத்தனை என்று எனக்குத் தெரியும்.

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் ஆறு குடித்தனத்துக்கு ஒரு கைப்பம்பு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, விடியற்காலையில் கிளம்பிவிடுவார். அதற்கு முன்பே அம்மா எழுந்து தண்ணீருக்கு நிற்பாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். ஆறு நடை. ஒரு குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் ஒரு நடைக்கு 30 கிலோ, ஒரு காலைக்கு 180 கிலோ. இந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் போடவில்லை. நான் போட்டதே நாற்பத்தைந்து வயசில், ஜிம் நோட்டில், ஒரு பக்கத்தின் ஓரத்தில்.

வேலை முடிந்ததும் அம்மா சொல்வாள்: "தண்ணி எடுத்தாச்சு." அப்புறம், "சோறு வடிச்சாச்சு", "மாவு ஆட்டியாச்சு", "துணி அலசியாச்சு." தமிழில் இந்த ‘ஆச்சு’ ஒரு வசதியான சொல். வேலை நடந்தது தெரியும், செய்தது யார் என்று தெரியாது. நாள் முழுக்க எங்கள் வீட்டில் வேலைகள் ஆகிக்கொண்டே இருந்தன. அம்மா ‘நான் எடுத்தேன்’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

அதே அம்மாதான், பள்ளியில் நான் குண்டு எறிதலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது பதறினாள். "பொம்பளப் புள்ள வெயிட்டு தூக்கினா கர்ப்பப்பை எறங்கிடும்." பெயரை வெட்டிவிட்டு டென்னிகாய்ட் ஆடினேன். இடுப்பில் குடத்தோடு நின்றுகொண்டுதான் அம்மா அதைச் சொன்னாள். குடம் அவள் கணக்கில் வெயிட் இல்லை. வீட்டுக்காகத் தூக்குவது எதுவுமே வெயிட் இல்லை. தனக்காகத் தூக்குவது மட்டும்தான் உடம்பைக் கெடுக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்குச் சொன்னவளுக்கு வேறு யாரோ.

அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. பிரசவித்த உடம்பு தேறுவதற்குள் பாரம் சுமக்க வைத்தால், அதுவும் பிள்ளைக்கு மேல் பிள்ளை பெற்ற உடம்பை, இடுப்புக்கூட்டின் தசைகள் தளர்ந்து கர்ப்பப்பை இறங்குவது உண்டு. நாற்று நடுகிறவர்களுக்கும் கல் உடைக்கிறவர்களுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது நடந்திருக்கிறது. ஓய்வு கொடுக்காததால் வந்த கேட்டுக்கு, பலத்தின் மேல் பழி போட்டுவிட்டோம்.

2000 செப்டம்பரில் என் மகனுக்கு ஒரு வயசு. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தால், முதல் பக்கத்தில் கர்ணம் மல்லேஸ்வரி. சிட்னி ஒலிம்பிக்கில் வெண்கலம். 69 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 110, க்ளீன் அண்ட் ஜெர்க் 130, மொத்தம் 240 கிலோ. கடைசி முயற்சியில் தங்கத்துக்காக 137.5 வைத்துப் பார்த்திருக்கிறார், வரவில்லை. ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். ஆந்திரத்தில் ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குப் பளுதூக்குதல் இருந்தது. பெண்களை மேடையேற்ற 104 வருஷம் ஆனது. சிட்னியில்தான் முதல்முறை; அந்த முதல் முறையிலேயே நம் நாட்டுப் பெண் ஒருத்தி பதக்கத்தோடு நின்றாள்.

அந்தப் படத்தை வெட்டிச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஏன் உள்பக்கம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வெளியே ஒட்டினால் யாராவது காரணம் கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை.

பதினைந்து வருஷம் கழித்து, 2015 டிசம்பர் 1. அப்பா போன பிறகு அம்மா முடிச்சூரில் அக்கா வீட்டில் இருந்தாள். மழை விடாமல் பெய்ததால் பார்த்துவிட்டு வரலாம் என்று போன நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். இருட்டிய பிறகு அடையாற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. முதலில் வாசற்படி, அப்புறம் கட்டில் கால், கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு. மாடிக்கு வெளிப்புறமாகத்தான் படி. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடந்தன. அவளால் ஏற முடியவில்லை. நானும் அக்காவும் அவளைத் தூக்கப் பார்த்தோம். அக்கா தோள் பக்கம், நான் கால் பக்கம். கட்டிலை விட்டு ஓர் அடிகூட நகர்த்த முடியவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தொரு வயசு. என்னைப் பெற்றவளைத் தூக்க என் கையில் பலம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் தண்ணீரில் நடந்து வந்து, அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மறக்க மாட்டேன். ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "பாரமாப் போயிட்டேன்." ஆயிரக்கணக்கான குடம் சுமந்தவள் தன்னையே சுமை என்று சொல்லிக்கொண்டதைக் கேட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, வாசலில் வைத்துவிட்டுப் போன கேஸ் சிலிண்டரை உள்ளே இழுக்கும்போது எனக்கே முதுகு பிடித்துக்கொண்டது. உள்ளே இருக்கிற கேஸ் 14.2 கிலோ, உருளையின் இரும்பும் ஏறக்குறைய அதே அளவு. முப்பது கிலோவுக்குப் பக்கம். பார்த்த டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டின் கடைசி வரி, இனிமேல் எடை தூக்கக் கூடாது என்பது. வீட்டுக்கு வந்தேன். அரிசிச் சிப்பம் இருபத்தைந்து கிலோ, தண்ணீர் கேன் இருபது, துவைத்த துணி வாளி பத்துப் பன்னிரண்டு. எதைத் தூக்காமல் இருப்பது?

முதுகுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண்தான் சொன்னாள்: "தூக்காம உங்களால இருக்க முடியாதுக்கா. ஒழுங்காத் தூக்கக் கத்துக்கங்க."

அப்படித்தான் 2018-இல் அந்த மாடிப்படி ஏறினேன். சுவரில் சஞ்சீவி மலையைத் தூக்கிய ஆஞ்சநேயர் படம், கண்ணாடி, இரும்பு வாசனை. பெண்களுக்குப் பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை ‘லேடீஸ் டைம்’ என்றார்கள். நான் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். எட்டு மணிக்குத் தாம்பரத்தில் ரயில் ஏற வேண்டும். சம்பளத்துக்குப் போகிற பெண் பகல் பதினொரு மணிக்கு எப்படி வருவாள் என்று கேட்டேன். சொல்லித்தரும் தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையிலேயே வரச் சொன்னார். முதல் மாதம் நான் ஒருத்தி மட்டும். இப்போது காலையில் எட்டுப் பேர்.

எடுத்தவுடன் கம்பியைக் கொடுக்கவில்லை. ஒரு பிவிசி பைப்பை என் முதுகோடு நிறுத்திப் பின்தலை, முதுகு, இடுப்பெலும்பு மூன்றும் அதைத் தொட்டபடியே குனியச் சொன்னார். இரண்டு வாரம் அதுதான் பாடம். முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்குவது எனக்குத் தெரியவே இல்லை. பெருக்குவதும் கோலம் போடுவதும் பாத்திரம் எடுப்பதும் என்று முப்பது வருஷமாக முதுகை வில்லாக வளைத்தே பழகியிருந்தேன். பிறகு வெறும் கம்பி, 20 கிலோ. பெண்களுக்கென்று போட்டிகளில் 15 கிலோக் கம்பி உண்டு. அது பிடிக்கும் இடத்தில் 25 மில்லிமீட்டர், ஆண்கள் கம்பி 28. சின்னக் கை சுற்றிப் பிடிப்பதற்காகச் செய்தது. எங்கள் ஜிம்மில் அது இல்லை. இருப்பதைப் பிடித்துத்தான் கை பழகியது.

தரையில் இருக்கும் கம்பியை நிமிர்ந்து தூக்குவதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர். நான் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். தம்பி சொன்னார்: "கம்பிய இழுக்காதீங்கக்கா. தரையத் தள்ளுங்க." தள்ளினேன். கம்பி முட்டியைத் தாண்டி மேலே வந்து நின்றது. இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தத் தம்பிக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

முதல் சில வாரங்களில் எடை கிடுகிடுவென்று கூடும். தசை அவ்வளவு வேகமாக வளராது. ஏற்கெனவே இருக்கிற தசைநார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிட நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருகிற பலம் அது. பலம் உள்ளேயே இருந்திருக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை. இதைப் புத்தகத்தில் படித்த அன்று, அதைப் பாடமாகப் படிக்க என்னால் முடியவில்லை. அம்மா நினைவு வந்தது, ஆயா நினைவு வந்தது.

எழுதி வைக்கச் சொன்னார்கள். கணக்கு எழுதிப் பழகின கை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, எடை, எத்தனை தடவை. முதல் வரி: ‘20 கிலோ, 8 தடவை, தூக்கினேன்.’ எழுதிய பிறகு அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கியாச்சு என்று எழுதவில்லை. தூக்கினேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையில் ஒரு பெண் சுமந்த எடை முதல்முறையாக ஒரு தாளில், செய்தவள் யாரென்று தெரியும்படி ஏறியிருந்தது.

கை பெருத்துவிடும், ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாய் என்று சொல்லாதவர்கள் இல்லை. தசையைத் திரட்டிக் காட்டும் டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் மிகக் குறைவு. மேடையில் நிற்கும் உடற்கட்டுக்கு வருஷக்கணக்கில் சாப்பாடும் பயிற்சியுமாகத் தவம் இருக்க வேண்டும். அப்படித் தவம் இருந்தவர் ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கும் படப்பையைச் சேர்ந்த ரூபி பியூட்டி, ஒரு பிள்ளைக்குத் தாய், பெண்கள் உடற்கட்டுப் போட்டிகளில் மேடையேறிப் பதக்கம் வாங்கினார். அவர் படம் செய்தியில் வந்த அன்று எங்கள் ஜிம்மில் பெண்கள் எல்லோரும் ஒரே போனைச் சுற்றி நின்று பார்த்தோம். "இந்தக் கை எத்தன வருஷத்துக் கை!" என்றாள் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தையல் பிரிவில் வேலை செய்கிற பெண். அதைவிடச் சரியான பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் ஷிப்டு முழுக்க நின்றே வேலை செய்கிறவள். முழங்காலுக்குக் கீழே சாயங்காலம் மரத்துப்போகும் என்று வந்தாள். பெருங்களத்தூரிலிருந்து வரும் இன்னொருத்திக்கு இருபத்திரண்டு வயசு, காவலர் தேர்வுக்குத் தயாராகிறவள். ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல். அவள் அம்மா வீட்டு வேலை செய்கிறவர். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்களை 1973-இல்தான் முதன்முதலாகச் சேர்த்தார்கள் என்று நான் சொன்னபோது, "அப்ப எங்க ஆயாவுக்கு என் வயசு இருந்திருக்கும்க்கா, அவங்க போயிருக்கலாம்" என்றாள். குண்டை எறிந்துவிட்டு அவள் திரும்பிப் பார்க்கும்போது, நான் வெட்டிவிட்டு வந்த என் பெயர் அங்கே எங்கேயோ விழுந்து கிடக்கிற மாதிரி இருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தந்தது எடை இல்லை, சாப்பாடு. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு அளவுக்கு மீறிய உடல் எடை. பாதிக்கு மேல் ரத்தம் போதவில்லை, பத்தில் நாலு பேருக்கு உடம்பு பெருத்திருக்கிறது. இரண்டும் ஒரே சமையலறையிலிருந்து வருகின்றன. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியாக உட்காருகிறவளுக்கு மிஞ்சுவது சோறும் ரசமும். முட்டையும் மீனும் பருப்பின் அடிப்பகுதியும் அதற்குள் போயிருக்கும். இரண்டு முட்டையை என் தட்டில் முதலில் எடுத்து வைத்துக்கொண்ட அன்று, மகன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு வேணும்" என்றேன். 40 கிலோவை முதல்முறை தூக்கியதைவிட அந்த இரண்டு வார்த்தை கஷ்டமாக இருந்தது.

2020 மார்ச்சில் ஜிம்மை மூடிவிட்டார்கள். வீட்டில் தண்ணீர் கேன் இருந்தது, அரிசிச் சிப்பம் இருந்தது. அதே சாமான்கள்தான். இந்தத் தடவை அவற்றை எண்ணித் தூக்கினேன், எழுதி வைத்தேன்.

மறு வருஷம் ஜூலை 24, சனிக்கிழமை. டோக்கியோவில் மீராபாய் சானு மேடையேறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். 49 கிலோ பிரிவில் 87-ம் 115-ம், மொத்தம் 202 கிலோ, வெள்ளி. மணிப்பூரில் நோங்போக் காக்சிங் என்ற ஊர். சின்ன வயசில் அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டை அவர் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். பயிற்சிக்காக இம்பாலுக்குப் போக மணல் லாரிகளில் ஏறிப் போயிருக்கிறார். பதக்கத்தோடு ஊருக்கு வந்ததும் அந்த லாரி ஓட்டுநர்களை அழைத்து விருந்து வைத்தார். விறகுக் கட்டு என்று கேட்டதும் எனக்கு ஆயாவின் கட்டு. அதையும் யாராவது எடை போட்டிருந்தால்? மீராபாயின் விறகு ஓர் அரங்கம் வரைக்கும் போனது. ஆயாவின் விறகு அடுப்போடு போனது. அந்தப் பெண் 2024-இல் பாரிஸில் 199 கிலோ தூக்கி ஒரே ஒரு கிலோவில் பதக்கத்தைத் தவறவிட்டபோது நான் அழுதேன். ஒரு கிலோ என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சேர்க்க எத்தனை மாசம் ஆகும் என்றும் தெரிந்திருந்தது.

தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் என்று உண்டு. ஊர்ப் பொதுவில் உருண்டைக் கல் கிடக்கும். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிற ஆணுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பது பழைய வழக்கம். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றும் அந்தப் போட்டி நடக்கிறது. இப்போது பெண்களும் தூக்குகிறார்கள். பொள்ளாச்சியைச் சேர்ந்த கிட்டம்மாள் என்ற பாட்டி 2024-இல் கோவையில் நடந்த வலுதூக்கும் போட்டியில் 82 வயசில் 50 கிலோ தூக்கினார். ஆணுக்கு ஊரே பார்க்க ஒரு கல் இருந்தது. பெண்ணுக்கு இருந்தது ஆள் பார்க்காத பாதையில் நின்ற சுமைதாங்கி. இரண்டாவது கல்லிலிருந்து முதல் கல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

2022 ஆவணியில் ஒரு விடியற்காலை, என் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தாள். முடிச்சூர் வெள்ளத்துக்குப் பிறகு என்னோடுதான் இருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினேன். உடனே தூக்கவில்லை. எங்கே வலிக்கிறது, காலை அசைக்க முடிகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, ஈரத்தைத் துடைத்து, கால்களை அகட்டி ஊன்றி, அவள் அக்குளுக்கு அடியில் கைகொடுத்து, நெஞ்சோடு சேர்த்து, மூச்சை வயிற்றில் அடக்கித் தரையைத் தள்ளினேன். அம்மா நின்றாள்.

அம்மாவுக்கு அன்று 54 கிலோ. அந்த மாதம் என் நோட்டில் இருந்த எடை 70. எடை எனக்குப் புதிதில்லை. ஆனால் நிமிர்ந்ததும் என் கை கால் எல்லாம் நடுங்கின. அம்மா என் தோளில் கை வைத்தபடி, "நீ ஒத்தையாவா தூக்கின?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான் தூக்கினேன்."

முடிச்சூர் ராத்திரியில் சொன்ன வார்த்தையை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்ததும் என் மேல்கையை அழுத்திப் பார்த்தாள். "கெட்டியா இருக்கு" என்றாள். இவ்வளவு நாளும் என் கை பெருத்துவிட்டது, ரவிக்கை பிடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த அதே அம்மா.

கெட்டிப்படுவது தசை மட்டும் இல்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கும். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தினர், எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாதிப் பேருக்கு எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கக் கனமான எடை தூக்கச் சொல்லித்தந்தார்கள். லேசான பயிற்சியோடு வீட்டில் இருந்த மறுபாதியைவிட, கனம் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி மேம்பட்டது. 2018-இல் வெளியான முடிவு இது. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. 65 வயசைத் தாண்டியவர்கள் விழாமல் இருக்க, சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி வாரம் மூன்று நாள். வயசானால் ஓய்ந்து உட்கார வேண்டும் என்று நாம் அம்மாக்களுக்குச் சொல்லிவந்ததற்கு நேர் எதிர்.

போன வருஷம் ஆயா ஊருக்குப் போனேன். வண்டிப்பாதை தார் ரோடாகி அகலமாகிவிட்டது. சுமைதாங்கியைப் பெயர்த்து ஓரத்தில் போட்டிருந்தார்கள். பலகைக் கல் மட்டும் கருவேலமுள்ளுக்கு நடுவில் பாதி மண்ணுக்குள் கிடந்தது. இந்தத் தடவை தொட்டுப் பார்த்தேன். பெயர் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் ஊரே கூடித் தோள் உயரத்தில் ஒரு கல்லை நிறுத்தியது. இருக்கும்போதே அவளுக்கு யாராவது அப்படி ஒன்றை நிறுத்தியிருக்கலாம்.

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும், மேடவாக்கம் வரைக்கும் எத்தனை மாடிகளில் எத்தனை ஜிம்கள். பாதிக்கு மேல் பெண்கள் ஏறாத படிகள். தங்கை, அக்கா, யாராக இருந்தாலும் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். வெறும் கம்பி போதும். எழுதி வைக்க நோட்டு ஒன்று எடுத்துப் போங்கள். ‘தூக்கினேன்’ என்று எழுதுங்கள்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து. தினமும் காலையில் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து உட்காருகிறாள். "தரையத் தள்ளும்மா" என்று நான் பக்கத்தில் நிற்பேன். மூன்று தடவையில் ஆரம்பித்தது. எண்ணிக்கையை என் நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிவந்தேன். இன்று காலை ஜிம்மிலிருந்து திரும்பி வந்து நோட்டைத் திறந்தால், தேதிக்கு எதிரே அம்மாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘12 தரம் எழுந்தேன்.’